கொழுகொழு குழந்தைக்கும் ரத்த சோகை! கிலோ மட்டும் பார்த்தால் போதுமா?

அஸ்தினாபுரம்:

"குழந்தை எத்தனை கிலோ?"

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "மூன்றரை கிலோ" என்று சொன்னால் பாட்டிக்குப் பெருமை. "இரண்டே கால்" என்றால் வீடே கவலைப்படும்.

எடையைக் கேட்பது தப்பே இல்லை. ஆனால் எடை மட்டும் சரியாக இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் தப்பு.

கன்னம் உப்பி, தொடை மடிப்பு விழுந்து, கொழுகொழு என்று இருக்கும் குழந்தையின் ரத்தத்திலும் இரும்புச்சத்து இல்லாமல் இருக்கலாம். எடை போடும் தராசு இதைக் காட்டிக்கொடுக்காது.

இது எப்படி நடக்கிறது? யார் கவனிக்க வேண்டும்? என்ன செய்ய வேண்டும்?

சுவரைச் சுரண்டும் குழந்தை

உதாரணத்துக்கு அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் காலை 8 மணிக்கே குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். மின்சார ரெயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர முடியும். மனைவியும் வேலைக்குப் போகிறவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி.

குழந்தைக்கு 1 வயது. எடை 12 கிலோ. பிறந்த நாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் தூக்கிப் பார்த்து, "அப்பாடி, என்ன கனம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாப்பாடு? சோறு ஊட்டினால் துப்பிவிடுகிறான். பால் என்றால் மடமடவென்று குடிக்கிறான். ஒரு நாளைக்கு 1 லிட்டர் பாக்கெட் பால் உள்ளே போகிறது. சாயந்திரம் டீயில் தோய்த்த பன்.

கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கம். சுவரில் உரிந்து நிற்கும் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான். எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறான். தவழ்ந்து விளையாடாமல் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறான்.

"சுண்ணாம்பைத் திங்கறானே, அத்தை?" என்று மருமகள் கேட்கிறார்.

"கால்சியம் பத்தாம இருக்கும். இன்னொரு டம்ளர் பால் குடும்மா" என்கிறார் மாமியார்.

அன்பால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்த இன்னொரு டம்ளர் பால்தான் வியாதியை வளர்க்கிறது. டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்தால், ஹீமோகுளோபின் 8 கிராம் என்று வரும்!

இந்தக் கதை அஸ்தினாபுரத்துக்கு மட்டும் சொந்தம் அல்ல. செம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் பல்லாவரத்திலும், குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

8 கிராம் என்றால் என்ன?

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின். நுரையீரலில் இருந்து பிராண வாயுவைச் சுமந்துகொண்டு உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைக்கு 100 மில்லி ரத்தத்தில் 11 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்த சோகை. இந்த அளவுதான் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் 10.5 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் திருத்தியது.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் 8 கிராம் குறைவுதான்.

அதிர்ச்சி கணக்கு

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றி என்ன சொன்னது?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள் 100-க்கு 22 பேர்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் ரத்த சோகை உள்ளவர்கள் 100-க்கு 57 பேர்!

கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். எடை குறைந்த 22 பேருக்குமே ரத்த சோகை இருப்பதாக வைத்துக்கொண்டாலும், மீதி 35 பேர் யார்? தராசில் ஏற்றினால் "குழந்தை நல்லா இருக்கு" என்று அனுப்பி வைக்கப்படும் குழந்தைகள்தான்!

இன்னொரு விஷயம். 2015-16-ல் நடந்த முந்தைய ஆய்வில் எடை குறைந்த குழந்தைகள் 100-க்கு 24 பேராக இருந்தார்கள். அது 22 ஆகக் குறைந்தது. ஆனால் ரத்த சோகை 51-ல் இருந்து 57-க்கு ஏறிவிட்டது.

தராசில் முன்னேற்றம். ரத்தத்தில் பின்னடைவு.

தராசு செய்த நல்ல காரியம்

தராசைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் குழந்தைகளைக் காப்பாற்றியதில் தராசுக்குப் பெரிய பங்கு உண்டு.

1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடத்திப் பார்த்தார்கள். 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 3 மாதத்துக்குச் சத்து உருண்டை கொடுப்பார்கள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மெலிந்து எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளின் எண்ணிக்கை அதனால் குறைந்தது.

அட்டையில் கோடு மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம் நமது தாய்மார்களுக்கு அப்படித்தான் வந்தது. இன்றும் அங்கன்வாடியில் அந்த எடைதான் முதல் கணக்கு.

ஆனால் தராசு சொல்வது வயிறு நிறைந்ததா என்பதை மட்டும்தான். என்ன போட்டு நிறைத்தோம் என்பது அதற்குத் தெரியாது.

அம்மா போட்ட முதல்

கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம்.

புதிதாகக் கடை திறக்கும் மகனுக்கு அப்பா கொஞ்சம் முதல் போட்டுக் கொடுப்பார். அதை வைத்துச் சில மாதம் ஓட்டலாம். அதற்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் முதல் கரைந்துவிடும்.

இரும்புச்சத்தும் அப்படித்தான். வயிற்றில் இருக்கும்போதே அம்மா குழந்தைக்கு இரும்பைச் சேர்த்துக் கொடுக்கிறார். அதில் பெரும்பங்கு கடைசி 3 மாதத்தில் போய்ச் சேருகிறது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் முதலிலேயே பற்றாக்குறை.

நிறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த இருப்பு 4 முதல் 6 மாதம் வரை வரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஆனால் இருப்பது குழந்தை உடம்பில் நன்றாகச் சேரும். அதனால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டாம்.

6 மாதத்துக்குப் பிறகு கதை மாறுகிறது. பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோ ஆகிறது. உடம்பு 3 மடங்கு வளர்ந்தால் ரத்தமும் வளர வேண்டும். அதற்கு இரும்பு வேண்டும். இருப்போ தீர்ந்துவிட்டது. புதுச் சரக்கு வரவில்லை என்றால் கடை காலி!

எடை வேகமாக ஏறும் குழந்தைக்கு இரும்பின் தேவையும் அதிகம். கொழுகொழு குழந்தைக்கு ஆபத்து வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் 1 முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளைப் பற்றி 2007-ல் ஒரு ஆய்வு வெளியானது. சரியான எடை உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு இரும்புச்சத்துக் குறைவு. அளவுக்கு மேல் குண்டாக இருந்தவர்களில் 100-க்கு 20 பேருக்கு! பால் பாட்டிலை ரொம்ப நாள் விடாமல் பிடித்திருப்பதையும் ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர்கள் சந்தேகித்தார்கள்.

பால் செய்யும் வேலை

பால் நல்ல உணவு இல்லையா? நல்ல உணவுதான். கால்சியம் உண்டு. புரதம் உண்டு. இரும்பு மட்டும் இல்லை. 1 லிட்டர் மாட்டுப்பாலில் சுமார் அரை மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது.

அதோடு போகவில்லை. பாலில் உள்ள கால்சியமும் புரதமும், மற்ற சாப்பாட்டில் இருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. 1 வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளுக்கு மாட்டுப்பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தைக்கு எப்படிப் பசிக்கும்? "சோறே சாப்பிட மாட்டேங்கறான்" என்று அம்மா புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பால் பாட்டில்தான்.

1 வயது வரை மாட்டுப்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. 1 வயதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். அதுவும் டம்ளரில். பாட்டிலில் அல்ல. தாய்ப்பாலை மட்டும் 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

அம்மாவின் எடையும் பேசுகிறது

குழந்தையின் ரத்தம் அம்மாவிடம் இருந்தே தொடங்குகிறது.

அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு ரத்த சோகை இருந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு அதிகமான எடையுடன் இருந்தார்கள். முந்தைய ஆய்வில் அது 31.

"குண்டா இருக்கிறவங்களுக்கு ரத்தம் நிறைய இருக்கும்" என்று சொல்வார்கள். இதுவும் நம்பக் கூடாத பேச்சு.

ஈரல் 'ஹெப்சிடின்' என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. சாப்பாட்டில் இருந்து எவ்வளவு இரும்பை ரத்தத்துக்குள் விடலாம் என்று முடிவு செய்வது அதுதான். உடம்பில் கொழுப்பு அதிகமானால் லேசான அழற்சி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அப்போது ஹெப்சிடின் அதிகமாகிறது. ரெயில்வே கேட் போட்டது போல இரும்பு வெளியிலேயே நின்றுவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டும் ரத்தத்தில் சேர்வதில்லை. அம்மாவுக்கே தட்டுப்பாடு என்றால் குழந்தைக்கு எங்கிருந்து போகும்?

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வியாதி இருந்து, குழந்தை 4 கிலோவுக்குப் பெரிதாகப் பிறந்தாலும் அந்தக் குழந்தையின் இரும்பு இருப்பு குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

அதற்காகக் கர்ப்பமாக இருக்கும்போது பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது! எடையைச் சரி செய்ய வேண்டியது கர்ப்பத்துக்கு முன்பு. கர்ப்பத்தின்போது செய்ய வேண்டியது ரத்தம் பார்த்துக்கொள்வதும் மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும்தான்.

மெலிந்த அம்மாவுக்கும் இது பொருந்தும். ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் 3 வருடம் இடைவெளி விட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

பிரசவத்தின்போதும் ஒரு காரியம் உண்டு. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் கட்டிவிடாமல் 1 முதல் 3 நிமிடம் பொறுத்துக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் சுமார் 80 முதல் 100 மில்லி ரத்தம் குழந்தைக்கு அதிகமாகப் போய்ச் சேரும். காசு செலவு இல்லாத டானிக்! பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டு வைக்கலாம்.

அடையாளம் என்ன?

ரத்த சோகை திடீரென்று வருவது இல்லை. மெல்ல மெல்ல வரும். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இவற்றைக் கவனியுங்கள்:

கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பு இல்லாமல் வெளுத்திருக்கும். உள்ளங்கையும் நாக்கும் வெளுத்திருக்கும்.

மண், சுண்ணாம்பு, பல்பம், பச்சை அரிசி என்று கண்டதைத் தின்னும்.

பசி இருக்காது. எரிச்சல் இருக்கும். அடிக்கடி சோர்ந்து படுக்கும்.

சில குழந்தைகள் அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்துவிடும்.

மண் தின்பதற்குக் குழந்தையை அடிக்காதீர்கள். ரத்தம் பாருங்கள்!

மூளைக்கும் இரும்பு வேண்டும்

"வளர வளரச் சரியாயிடும்" என்று விடலாமா?

கூடாது. மூளை வேகமாக வளர்வது முதல் 2 வருடத்தில். அதற்கும் இரும்பு வேண்டும்.

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகா நாட்டில் குழந்தைகளை 19 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ரொம்ப நாள் கடுமையான இரும்புக் குறைவு இருந்தவர்கள், பின்னால் ரத்தம் சரியான பிறகும், அறிவுத்திறன் பரீட்சைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு டியூஷன் வைப்பதைவிட, 6 மாதத்தில் இருந்து நல்ல சாப்பாடு கொடுப்பது மலிவு.

என்ன கொடுக்கலாம்?

6 மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு, கீரை என்று ஆரம்பிக்க வேண்டும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டை, மீன் கொடுக்கலாம். கறிக்கடையில் சுவரொட்டி, ஈரல் கொஞ்சம் வாங்கி, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். கறியில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும்.

சைவக்காரர்கள் கீரை, கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பச்சைப்பயறு கொடுக்கலாம். இவற்றில் உள்ள இரும்பு சேர்வது கஷ்டம். ஆனால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி சேர்த்துக் கொடுத்தால் நன்றாகச் சேரும். தானியத்தை முளைகட்டி அரைப்பதும் நல்லது. பாட்டி காலத்து இரும்புச் சட்டியைப் பரணில் இருந்து இறக்கிச் சமைத்தால் அதில் இருந்தும் கொஞ்சம் கிடைக்கும்.

பீட்ரூட்? மாதுளை? சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று வாங்குகிறார்கள். நல்ல காய்தான், நல்ல பழம்தான். ஆனால் அவற்றில் இரும்பு மிகக் குறைவு. விலை கொடுத்து மாதுளை வாங்கும் பணத்தில், ஒரு வாரத்துக்குக் கீரை வாங்கலாம்!

டீ, காபி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இரும்பைத் தடுப்பதில் டீக்கு இணை இல்லை. கர்ப்பிணிகளும் சாப்பாட்டுடன், மாத்திரையுடன் டீ குடிக்கக் கூடாது. 1 மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

இலவசமாகவே கிடைக்கிறது

2018-ல் மத்திய அரசு ரத்த சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி:

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இரும்பு சிரப் வாரத்துக்கு 2 முறை. ஒவ்வொரு முறையும் 1 மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு 4-வது மாதத்தில் இருந்து தினமும் 1 மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்.

1 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வருடத்துக்கு 2 முறை குடற்புழு மாத்திரை.

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம் 2018-ல் ரூ.18 ஆயிரமாக உயர்ந்தபோது, அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. இரும்பு டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அதில் உண்டு. அந்த டானிக் பாட்டில் அலமாரிக்கு அல்ல, அம்மாவுக்கு!

2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பல்லாவரம் நகராட்சியில் இருந்த அஸ்தினாபுரமும் அதற்குள் வந்தது. பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் சிரப்பைக் கேட்டு வாங்குங்கள். "எடை போட்டாச்சு" என்றால், "ரத்தம் பார்க்கணும், எங்கே போகணும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மருந்தில் கவனம்

சிரப் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரப்பையும் மாத்திரையையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்பு என்று நினைத்து மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து!

எல்லா ரத்த சோகையும் இரும்பால் வருவது அல்ல. பரம்பரையாக வருவதும் உண்டு. வேறு சத்துக் குறைவால் வருவதும் உண்டு. ஏற்கனவே சோகை உள்ள குழந்தைக்கு வாரம் 2 முறை சிரப் போதாது. தினமும் எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தக் கூடாது. காலியான இருப்பையும் நிரப்ப வேண்டும். பொதுவாக 3 மாதம் ஆகும்.

இனி எதைக் கேட்பது?

முதலில் சொன்ன அந்த வீட்டுக்கே வருவோம்.

டாக்டர் சொன்னபடி மருந்து கொடுத்தால், பால் பாட்டிலை நிறுத்தினால், டீயை நிறுத்தினால், ஒரு வாரம் குழந்தை அழும். பாட்டிக்கு மனசு கேட்காது. "பச்சக் குழந்தைய இப்படிப் பட்டினி போடறீங்களே" என்று கோபிப்பார். பிறகு பசி வரும். கீரைச் சாதம் உள்ளே போகும். சுவர்ப் பக்கம் போவது நிற்கும். இமை சிவக்கும்.

எடை? முன்பு மாதிரி மளமளவென்று ஏறாது. "என்ன, குழந்தை இளைச்சுட்டானே!" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். ஓடி விளையாடும் குழந்தை கொஞ்சம் இளைத்தால் தப்பில்லை.

அடுத்த தடவை குழந்தை பார்க்கப் போகும்போது, "எத்தனை கிலோ?" என்று கேளுங்கள்.

கூடவே, "ரத்தம் எத்தனை கிராம்?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்!